ஐஸ் பெட்டி தூக்கியவன்

காரவள்ளியில் மலையேறத் தொடங்கியதும் இந்தத் தடவையாவது 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கண் திறந்தபடி கடந்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொள்கிறேன். வளைவுக்கு வளைவு எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். ஆனால் 40-க்கு மேல் எந்தப் பலகையையும் நான் பார்த்ததில்லை, அதற்குள் வயிறு புரண்டு கண்ணை மூடிக்கொள்கிறேன். மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சிரிப்பார்களே என்று யாரிடமும் சொல்வதில்லை. இங்கிலாந்தில் பிறருக்கு மருந்து எழுதித்தரும் உரிமை பெற்ற செவிலியன் நான். வாந்திக்கு என்னென்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தனக்குத் தானே எழுதிக்கொள்வது முறையல்ல என்பதும் அந்த ஊர் விதிதான். ஆகவே இன்றும் சட்டைப் பையில் எலுமிச்சம்பழம். அரசுப் பேருந்தின் ஜன்னலோரத்தில் அதே பழத்தை மூக்கில் வைத்து அழுத்தியபடி வந்திறங்குவாரே ஒரு நர்சம்மா, அவரிடம் கற்ற வைத்தியம் அது. பின்னால் நான் படித்த படிப்பெல்லாம் சேர்ந்தும் அதை வெல்லவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்று நாடெங்கும் திட்டம் தொடங்கிய 1985-ஐ ஒட்டிய காலம். நாமக்கல் என்று தனி மாவட்டம் பிறக்க இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தது. கொல்லிமலைக்காரர்களான நாங்கள் சேலம் ஜில்லாக்காரர்கள், அதுவும் ஏதாவது மனு எழுதும்போது மட்டும். புதன்கிழமை தடுப்பூசி நாள். புதன்கிழமை காலையில் எனக்குத் தவறாமல் வயிற்று வலி வரும், பள்ளிக்கூடம் போக முடியாமல் போகும், பேருந்து நிற்கும் இடத்துக்கு மட்டும் எப்படியோ போக முடியும். அங்கே நர்சம்மா இறங்குவார். அவர் தோளிலிருந்து நீல நிற ஐஸ் பெட்டி என் தோளுக்கு மாறும். ஆலத்தூர் நாட்டின் ஊர் ஊராக, சாமைக் கொல்லை வரப்பிலும் குச்சிக்கிழங்குக் காட்டிலும் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவிலும் அவர் முன்னே நடக்க, நான் பின்னே. பெட்டிக்குள் நான்கு ஐஸ் பொட்டலங்கள், நடுவே போலியோ சொட்டு மருந்தும் முத்தடுப்பு ஊசி மருந்தும். நடக்க நடக்கப் பெட்டியின் குளிர்ச்சி சட்டையைத் தாண்டி முதுகில் இறங்கும் பாருங்கள், அந்தச் சுகத்துக்காகத்தான் நான் தேசத்தின் நோய்த் தடுப்புப் பணியில் ஈடுபட்டேன். வேறு எந்த உயர்ந்த நோக்கமும் இருந்ததாக இப்போது சொன்னால் அது கதை.

அவருடைய பதவிப் பெயர் கிராம சுகாதார செவிலியர். மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது அரசாங்கக் கணக்கு. 3,000 என்பது குறைவாகத் தெரியும், அந்த மூவாயிரமும் எத்தனை குன்றுகளில் சிதறிக் கிடக்கிறது என்று நடந்து பார்க்காதவர்களுக்கு. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்கு ஊசி போடுவது, குடும்பநலம் பேசுவது என்றுதான் அவருக்கு எழுதிக்கொடுத்திருந்த வேலை. ஊர் அவரிடம் கேட்ட வேலை வேறு. காதுக்குள் அவரைக்கொட்டை போட்டுக்கொண்ட பையன், அரிவாள் பட்ட கால், மூன்று நாளாக இறங்காத காய்ச்சல், ஜில்லாவிலிருந்து வந்த கடுதாசி, பெண்டாட்டியை அடித்தவன், அடி வாங்கியவள், எல்லாம் அவரிடம்தான் வரும். ஒரு கிழவி கழிச்சல் கண்ட ஆட்டையே இழுத்துக்கொண்டு வந்து, "ஏங்கம்மா, இதுவும் உசுருதானுங்களே" என்றாள். நர்சம்மா சற்று யோசித்துவிட்டு உப்பும் வெல்லமும் கரைத்த தண்ணீரைப் புகட்டச் சொன்னார். ஆடு பிழைத்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு ஆடுகள் வந்தன.

ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த முறை இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. மலையேறி வந்தவர்களைப் பார்த்தவுடன் பட்டையைச் சுற்றமாட்டார். திண்ணையில் உட்கார வைத்து, மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, மாமியார் எப்படி என்று விசாரிப்பார். மூச்சு அடங்கிய பிறகுதான் பாதரசப் பெட்டியைத் திறப்பார். நான் அதை வம்பு என்று நினைத்தேன். கர்ப்பிணியின் வயிற்றில் ஒரு சின்ன ஊதுகுழலை வைத்துக் காதைப் பொருத்திக்கொண்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசையாமல் எண்ணுவார். அப்போது யாரும் பேசக் கூடாது, கோழி கூடக் கத்தக் கூடாது. அந்த ஊதுகுழலை ஒருநாள் திருட்டுத்தனமாக எடுத்து நாயின் வயிற்றில் வைத்துக் கேட்டதற்கு நான் வாங்கிய அறைதான் என் மருத்துவக் கல்வியின் முதல் பாடம்.

கூலி என்று காசு எதுவும் கிடையாது. திரும்பும்போது ஐஸ் உருகியிருக்கும், மருந்து தீர்ந்திருக்கும், பெட்டி லேசாகியிருக்கும். அந்த லேசான பெட்டியின் மேல் யாராவது ஒரு பலாப்பழத்தைக் கட்டிவிடுவார்கள். போகும்போது இருந்ததைவிட வரும்போது கனம் அதிகம். நர்சம்மா வேண்டாம் என்பார், அவர்கள் கட்டுவார்கள், நான் சுமப்பேன். ஆனால் சுளை எடுக்கும்போது பாதிக்கு மேல் எனக்குத்தான். இன்றைக்கு மலைக்கு வருகிற கார்களின் டிக்கியில் அதே பழம் விலைக்கு ஏறுகிறது. செம்மேட்டிலும் அருவிக்குப் போகிற வழியிலும் முடவாட்டுக்கால் சூப் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்தபடி, எங்கள் மலை எவ்வளவு ஆரோக்கியமானது என்று எனக்கே விளக்குகிறார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு ஐப்பசி மழை இரவைச் சொல்ல வேண்டும். மேலே ஒரு குடிசையில் பிரசவம். ஊர் மருத்துவச்சி கைவிட்டுவிட்டு நர்சம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்தார், லாந்தர் பிடிக்க நான் போனேன். ஆண்பிள்ளை என்பதால் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். கூரைத் தண்ணீர் என் கழுத்தில் ஒழுக, கதவிடுக்கில் லாந்தரை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு நின்றேன். குழந்தை அழுத சத்தம் கேட்டது. அத்தோடு முடிந்தது, பலாச்சுளையோ காப்பியோ வரும் என்று காத்திருந்தேன். ஆனால் உள்ளே யாரும் சிரிக்கவில்லை, பேசவில்லை. விடிய விடிய ஒன்றும் நடக்காதது போல நேரம் போனது. வெளுத்த பிறகு நர்சம்மா வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வெல்லக் காப்பி கொடுத்தார்கள். டம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை. வலது கை வெடவெடவென்று நடுங்கி, காப்பி மடியில் கொட்டியது. நான் சிரித்தேன். அவரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இடது கையால் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் போனால், கருப்பை சுருங்கும்வரை அடிவயிற்றைக் கையால் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை, அதற்கு இருபது வருஷம் கழித்து, கடல் கடந்த ஒரு ஊரின் நூலகத்தில், வேறு எதையோ தேடும்போது படித்தேன். புத்தகத்தில் அது இரண்டு வரிதான். அன்றிரவு அவரிடம் இருந்தது ஒரு ஊசி மருந்துக் குப்பி, ஒரு கை. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து குளிரில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பள்ளிக்கூடப் புதன்கிழமைகளையெல்லாம் தாண்டி எப்படியோ பன்னிரண்டாவது தேறி, செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தபோது, ஊரில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று பிடிபடவில்லை. "கம்பவுண்டருக்கா படிக்கிற?" என்றார் ஊர்க்கவுண்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆண்பிள்ளை நர்சுக்குப் படிக்கிறான் என்பதைவிட அது சொல்ல எளிதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பெண்களை சிஸ்டர் என்பார்கள், எங்களை பிரதர் என்பார்கள். பிரதர் என்று கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் என்னை வார்டு பாய் என்றும், மீதிப்பேர் டாக்டர் என்றும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டாவது கூட்டத்தைத் திருத்துவதில் நான் காட்டிய சோம்பலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பையில் வைக்காமல் கழுத்தில் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போவேன். பேறுகாலப் பாடத்துக்கு மட்டும் ஆண்களைச் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு பாடம். கதவிடுக்கில் லாந்தர் நீட்டியவனை மறுபடியும் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

2003-ல் இங்கிலாந்து செவிலியர்களைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருந்தது. நானும் ஒரு கூடையில் ஏறினேன். போனவுடன் மேற்பார்வைப் பயிற்சி என்று சில மாதம், எட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டேன், ஒழுங்காகத்தான் கழுவியிருக்கவில்லை போலிருக்கிறது. 2006-ல் அங்கே தகுதி பெற்ற செவிலியர்கள் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாங்களே எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். படித்தேன், எழுதினேன், மேலும் படித்தேன். ஒருநாள் என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் "அட்வான்ஸ்டு நர்ஸ் பிராக்டிஷனர்" என்று வந்தது. நோயாளியைச் சோதிப்பேன், என்ன நோய் என்று முடிவு செய்வேன், ரத்தம் பார்க்கச் சொல்வேன், மருந்து எழுதுவேன், பெரிய டாக்டரிடம் அனுப்புவதா வேண்டாமா என்று தீர்ப்பதும் நான்தான். அப்பாவிடம் தொலைபேசியில் பெயரைச் சொன்னேன். மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நம்ம நர்சம்மா வேலைதான?" என்றார். அது அப்படியல்ல என்று பத்து நிமிஷம் விளக்கினேன். வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் அப்போது அதிகம்.

மேல்நிலைச் செவிலியத்துக்கு நான்கு தூண்கள் என்று அங்கே பாடம்: சிகிச்சை, கல்வி, தலைமை, ஆராய்ச்சி. அதைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதச் சொன்னார்கள். எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு பலாமரத்தடிதான் நினைவுக்கு வந்தது. பதினாலு வயதுப் பெண்ணின் கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிவைக்க ஊர்க்கவுண்டரை ஒப்புக்கொள்ள வைத்தது தலைமை இல்லையா? எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற வீடுகளில் கழிச்சல் அதிகம் என்று பழைய காலண்டரின் முதுகில் கோடு போட்டு வைத்திருந்தாரே, அது ஆராய்ச்சி இல்லையா? இதை ஒரு பத்தியாக எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில், போதிய சான்று இல்லை என்று குறித்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காலண்டரைக் கரையான் தின்றுவிட்டது.

இந்தப் பதவி பிறந்த கதையும் ஒரு மலைக்கதைதான் என்பதைப் பிறகு அறிந்தேன். 1965-ல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஃபோர்டு அதற்கு முன் அந்த மாநிலத்தின் ஒதுக்குப்புற ஊர்களில் பொதுசுகாதாரச் செவிலியராக அலைந்தவர். டாக்டர் எட்டிப்பார்க்காத இடங்களில் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியிலிருந்து எழுந்த யோசனை அது. அவர் 2025 ஜனவரியில் தமது 104-வது வயதில் காலமானபோது அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். கொலராடோவில் நடந்தவருக்குப் பெயர் கிடைத்தது. கொல்லிமலையில் நடந்தவருக்குக் கால்வலி கிடைத்தது.

அந்தப் பெயரோடு இங்கிலாந்தில் நான் செய்தது என்ன என்றால், பத்து நிமிஷத்துக்கு ஒரு நோயாளி. கணினியில் ஒரு கட்டம் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற கிழவருக்கு உட்கார்ந்தவுடன் பட்டையைச் சுற்றுவேன். அழுத்தம் கூடத்தான் இருக்கும். மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசிப்பேன். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று கேட்க அந்த ஊரில் மழை எப்போதும் பெய்கிறது, மாடு யாரிடமும் இல்லை. இன்னொரு வேடிக்கை, நான் இத்தனை பாடுபட்டு வாங்கிய அந்தப் பெயருக்கு அங்கே சட்டக் காப்பு இல்லை. பதிவு பெற்ற செவிலியர் என்பதைத்தான் சட்டம் காக்கிறது; முன்னால் ஒட்டிய அடைமொழிக்கு வேலி கிடையாது. அதற்கும் வேலி போட வேண்டும் என்று இப்போதுதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் பாடப்போவதில்லை. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு போகப்பட்டு, வழியிலேயே திரும்பித் தூக்கிக்கொண்டு வரப்பட்ட இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். ஒருத்தி என் சின்னம்மா. 2008-ல் தமிழ்நாட்டில் 108 வந்தது. மலைப்பாதைகளில் பாதியாவது தார் கண்டது. மலைப்பகுதிகளில் பேறுகாலத்துக்கு முன்கூட்டியே வந்து தங்க இடம் கொடுத்தார்கள். என் தங்கை மகளுக்குச் செம்மேடு அரசு ஆஸ்பத்திரியில் குளிரான, வெளிச்சமான அறையில் குழந்தை பிறந்தது. நான் வாசலில் நின்றேன், வழக்கம்போல, கையில் லாந்தருக்குப் பதில் செல்போன். ஒரு பலாப்பழத்துக்காகப் பழைய இரவைத் திருப்பிக் கேட்கிறவன் முட்டாள். ஆனால் பழத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லையே.

இன்னொரு தங்கை மகள் சேலத்தில் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம். போன ஆடிப்பதினெட்டுக்கு, வல்வில் ஓரி விழாக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இந்த நர்ஸ் பிராக்டிஷனர் படிச்சா நம்ம ஊர்ல எதிர்காலம் இருக்குதுங்களா?" என்றாள். பட்டிமன்றத் தலைப்பைப் போலத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. படிப்பு இருக்கிறது: தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பை இந்தியச் செவிலியர் குழு 2016-ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. பேறுகாலச் செவிலியத்துக்கென்று 2018-ல் தனி வழிகாட்டல் வந்தது, 18 மாதப் பயிற்சி. 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 32-வது பிரிவு, டாக்டர் அல்லாதவர்களுக்கும் வரம்புக்கு உட்பட்ட சிகிச்சை உரிமை தரலாம் என்கிறது. டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். 1947-ன் பழைய செவிலியர் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-ல் புதுச் சட்டம் போட்டார்கள். "அப்ப வேலை?" என்றாள். படித்து முடித்து வருகிறவளுக்கு அந்தப் பெயரில் ஒரு நாற்காலியும், மருந்து எழுத ஒரு பேனாவும் இருந்தால்தான் அது வேலை. இங்கே இப்போதைக்குப் பட்டம் முன்னால் வந்துவிட்டது, நாற்காலி பின்னால் தூளியில் வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப நானும் லண்டன்தானுங்களா?" என்றாள். கூட்டத்தில் மேளம் அடித்தார்கள். அதைச் சாக்காக வைத்துக் காது கேட்காதவன் போல நின்றுவிட்டேன்.

மறுநாள் காலையில் சும்மா நடந்தேன். நர்சம்மாவின் துணை சுகாதார நிலையம் இருந்த இடத்தில் வெள்ளையடித்த கட்டடம், நலவாழ்வு மையம் என்று பலகை. உள்ளே ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். பதவி, இடைநிலை சுகாதாரப் பணியாளர். 2021-ல் தமிழ்நாடு முழுக்க இப்படி 4,848 பேரை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், தொகுப்பூதியத்துக்கு. செவிலியம் படித்தவள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பரிசோதனை செய்கிறாள், காய்ச்சல் பார்க்கிறாள், டாக்டர் தேவையென்றால் டேப்லெட்டில் அழைக்கிறாள். "சிக்னல் கிடைச்சாத்தான் சார்" என்று ஜன்னலைக் காட்டினாள். ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கை அகலத்தில்தான் டாக்டர் வருவாராம். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பெயரைத் தவிர மீதி ஏறக்குறைய எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருந்தது. நான் இங்கிலாந்தில் செய்வதை அவள் இங்கே செய்துகொண்டிருந்தாள், பேனா மட்டும் சின்னது, சம்பளம் மிகச் சின்னது. நான் இருந்தபோதே வாசலில் ஒரு கிழவர் வந்து, "நர்சம்மா இருக்குதுங்களா?" என்றார். "இருக்குது, உக்காருங்க தாத்தா" என்றாள், பதவியைத் திருத்தாமல்.

எனக்கும் பார்க்கட்டுமா என்று கேட்டு நாற்காலியைக் காட்டினாள். சட்டைக் கையை மடித்து நீட்டினேன். அவள் பட்டையைக் கையில் எடுக்கவே இல்லை. "மேட்டுல நடந்து வந்திருக்கீங்க. அஞ்சு நிமிஷம் ஆகட்டும் சார். எந்த ஊரு, மழை எப்படி அங்கே?" என்றாள். மழையைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக இங்கிலாந்து மழையை யாரோ அக்கறையாகக் கேட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேலேயே சொன்னேன்.

150-க்கு 94. மறுபடி பார்த்தாள், அதேதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் சேர்த்துக்கொள்ளட்டுமா, இருக்கிற நாளுக்காவது மாத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று பேரேட்டைத் திறந்தாள். பெயர் சொன்னேன், வயது சொன்னேன். "தொழில்?" என்றாள். அட்டையில் இருப்பதை அப்படியே நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பேனாவைக் கட்டத்துக்கு மேல் வைத்தபடி ஒரு கணம் பார்த்தாள்.

"கட்டம் சின்னதா இருக்குது சார், விவசாயம்னு போட்டுக்கட்டுமா?"

போட்டுக்கொள்ளச் சொன்னேன். புதன்கிழமை அது. மூலையில் நீலப் பெட்டி இருந்தது, வாரைச் சுருக்கி மேலே சுற்றி வைத்திருந்தாள். வண்டி வரை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். சார் நீங்க எதுக்கு என்றாள். அதற்குள் தோளில் மாட்டிவிட்டிருந்தேன்.